நாலாம் பாகத்துக்கு முதலிடம்

ஹொலோ ஹாபர் என்ற கம்பியூட்டர் விளையாட்டில் மொத்தம் ஏழு பாகங்கள். ஏழையும் முடித்தவர்கள் எங்கள் ஊர் ஆரையம்பதியில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் ஒருத்திதான். அது நான், உசாந்தி. ஊர் உலகமோ அது என் தம்பி ஜதுர்சன் என்று நம்பிக்கொண்டிருக்கிறது. இதைச் சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

லப்டொப்பை அப்பா கத்தாரிலிருந்து தம்பியின் படிப்புக்கென்று அனுப்பினார். அவன் அதில் படித்ததை நான் கண்டதில்லை. விளையாடியது நான். மின்வெட்டுக் காலத்தில், கரண்ட் இருக்கிற நேரத்தைப் பார்த்து வீட்டு வேலையை முடித்துவிட்டு நாலாம் பாகத்தில் உட்காருவேன். கொலை கொள்ளை என்று எனக்குப் பயமில்லை, வாளெடுத்து வெட்டுவதில் ஒரு சுகம் இருந்தது. தம்பிக்கு அடுத்து என்ன நடக்கும் என்று பார்க்க வேண்டும். தேத்தண்ணி போட்டுத் தந்தால்தான் பக்கத்தில் இருக்க விடுவேன் என்று சொல்லியிருந்தேன். சமையல் காஸ் கிடைக்காத நாட்கள். அவன் விறகடுப்பை ஊதி ஊதி, கண் சிவக்க, கோப்பையோடு வந்து நிற்பான். தேத்தண்ணியில் புகை மணக்கும். அதை நான் ஒரு சொட்டு விடாமல் குடிப்பேன்.

பிறகுதான் பேஸ்புக்கில் இந்த விளையாட்டுக்கென்று பக்கம் தொடங்கினோம். முதல் வீடியோவில் பேசியது நான். ஒரு நாளைக்குள் கீழே எழுதிவிட்டார்கள். சோறு ஆக்கத் தெரியுமா என்று ஒருவன். கலியாணம் ஆகிவிட்டதா என்று ஒருவன். அடுத்தவன் எழுதியதை இங்கே எழுத என் கை கூசுகிறது. யாரோ சொந்தக்காரி அம்மாவின் காதில் போட்டுவிட்டாள்.

"குமருப்புள்ளட குரல் ஊரெல்லாம் கேக்கணுமாகா? தம்பி பேசட்டும். நீ எழுதிக் குடு" என்றார் அம்மா.

தம்பி பேசினான். நான் எழுதினேன். இரண்டு வருடத்தில் நாற்பதாயிரம் பேர் சேர்ந்தார்கள். கடைத்தெருவில் பையன்கள் அவனை நிறுத்திப் படமெடுத்தார்கள். நான் பொறுத்துக்கொண்டேன், ஏனென்றால் எங்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது. ஏழு பாகங்களையும் வரிசைப்படுத்துகிற வீடியோ மட்டும் என் குரலில், என் பேரில் வரும். என் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணியிருந்தான்.

அதை எழுத எனக்கு மூன்று கிழமை எடுத்தது. எல்லோரும் கொண்டாடுகிற ஆறாம் பாகத்தைக் கடைசியில் போட்டேன். அதில் வெடியும் வெளிச்சமும் தவிர ஒரு மண்ணும் இல்லை. எல்லோரும் திட்டுகிற நாலாம் பாகத்துக்கு முதலிடம் கொடுத்தேன். அதில் தொடக்கத்திலேயே வீரனுக்கு வலது கை போய்விடும். பழகிய பொத்தான்கள் எல்லாம் தலைகீழாகும். விளையாட்டில் பிழை என்று ஆட்கள் கத்தினார்கள். நான் இப்படி எழுதினேன்: "முதல் மூன்று பாகத்திலும் வெல்லப் பழகுகிறோம். நாலாம் பாகத்தில்தான் கை போன பிறகு வாழப் பழகுகிறோம்." எழுதிவிட்டு நானே நாலைந்து தரம் வாசித்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல காரியம் அந்த வரிதான் என்று தோன்றியது.

பின்னறையில் மெத்தையைச் சுவரோடு சாத்தி, மீன்காரரின் சைக்கிள் ஹோர்ன் ஓயும்வரை காத்திருந்து, என் குரலில் பதிவு செய்தேன். வெளியிடுவதற்கு முதல் நாள் அம்மா வந்து கட்டிலில் இருந்தார். களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருக்கிறதாம்.

"இப்ப போய் இதப் போடாத. மாப்புள வீட்டாக்கள் பாத்தா என்ன நினைப்பாங்க?"

"அவன் சத்தியம் பண்ணினவன்மா."

"இந்த வீடும் வளவும் உன்ட பேர்ல எழுதியாச்சி. பொம்புளப் புள்ளைக்குத்தான் வீடு, நான் வேணாம் எண்டு சொல்லல்ல. அவனுக்கு என்ன இரிக்கி? நாளைக்கு எவளோ ஒருத்திர வீட்டுலதான் போய் இரிக்கப்போறான். அந்த பேஸ்புக் பக்கமாவது அவனுக்கு இரிக்கட்டுமேகா."

கதவடியில் தம்பி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்குப் பாவமாக இருந்தது. அந்தப் பாவம் பார்த்ததுதான் நான் செய்த மடத்தனம். எழுதியதை அவனிடமே கொடுத்தேன்.

வீடியோவில் என் வரிசையை அவன் மாற்றவில்லை. நாலாம் பாகம் வந்ததும் மட்டும் சொந்தமாக ஒன்றைச் சேர்த்திருந்தான். "கரண்ட் இல்லாத காலத்துல நான் இத விளையாடக்குள்ள எங்கட அக்கா விறகடுப்பு ஊதி ஊதித் தேத்தண்ணி கொண்டுவந்து தருவா. கண்ணெல்லாம் செவந்து போயிரிக்கும். இந்த முதலிடம் அவவுக்குத்தான்." கீழே ஆயிரக்கணக்கில் இதயங்கள். இப்படி ஒரு அக்கா கிடைக்கக் கொடுத்து வைக்க வேண்டுமாம்.

"என்னடா இது?" என்றேன்.

"சும்மா ஒரு கதைக்குத்தான் அக்கா. ஆக்களுக்குப் புடிக்கும். உன்னப்பத்தி நல்லாத்தானே சொல்லியிரிக்கன்?"

அவனுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

பத்து நாள் கழித்துப் பின்னேரம் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பெயர் கேதீசன். தாயோடு வந்திருந்தார். வந்தவர் என்னைப் பார்ப்பதற்கு முன் தம்பியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"தம்பி, நானும் ஏழு பாகமும் முடிச்ச ஆள். உங்கட வீடியோவ எத்தின தரம் பாத்திட்டன்! 'நாலாம் பாகத்தில்தான் கை போன பிறகு வாழப் பழகுகிறோம்.' என்ன வரி அது! உங்களுக்கு நல்ல மூளை."

ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார். நான் தேத்தண்ணித் தட்டத்தோடு நின்றேன். என் வரியை மனப்பாடம் செய்த மனிதர் என் வீட்டுக்கே வந்து, அதை என் தம்பிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். தட்டத்தை மேசையில் வைத்தேன்.

"அது நான் எழுதினது" என்றேன்.

அம்மா என்னை முறைத்தார். தம்பி சிரித்தான். "அக்கா பகிடி விடுறா."

கேதீசனும் சிரித்தார். "அப்ப ஒண்டு கேக்கன். அஞ்சாம் பாகத்துல கடைசியா ஆரக் கொல்லணும்?"

"தம்பியே முதல்ல சொல்லட்டும்" என்றேன்.

தம்பி கழுத்தைச் சொறிந்தான். ஐந்தாம் பாகத்தில் பாதிக்கு மேல் அவன் பக்கத்தில் இருந்து பார்க்கவும் இல்லை. "கப்டன்தானே?" என்றான்.

"ஒருத்தரையும் கொல்லக் கூடாது. வாளத் தண்ணிக்குள்ள போட்டுட்டுத் திரும்பி நடக்கணும். அடிச்சா விளையாட்டு முடியாது."

கேதீசன் வியந்து போய் என்னைப் பார்த்தார். முதல் தடவையாகப் பார்த்தார். அந்த ஒரு நொடி எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

"சரியாச் சொல்றாங்க! தம்பி எத்தினையோ விளையாடுறவர், மறந்திருப்பார். நீங்க பக்கத்துல இருந்து பாத்துப் பாத்தே பாடமாக்கிட்டீங்க என்ன? நல்ல ஞாபகசக்தி." தாயின் பக்கம் திரும்பினார். "தம்பி வீடியோவுல சொன்ன அக்காட தேத்தண்ணி இதுதான்."

பெண் பிடித்திருக்கிறது என்று அன்றே தொலைபேசியில் சொன்னார்கள். அம்மா சாமித்தட்டில் விளக்கேற்றினார். நான் கலியாணத்துக்கு ஓம் சொல்லவில்லை.

"வீடு எனக்குத்தானேம்மா? அப்ப பின்னறைய எனக்கு விட்டுட்டு அவனச் சாமானத் தூக்கச் சொல்லுங்க."

அம்மா அழுதார். தம்பி லப்டொப்பையும் மைக்கையும் தூக்கிக்கொண்டு மட்டக்களப்பிலுள்ள கூட்டாளி வீட்டுக்குப் போனான். மெத்தை மிஞ்சியது. அதைச் சுவரோடு சாத்தி, என் போனில், என் குரலில், ஏழு பாகங்களையும் கடைசியிலிருந்து முதல் வரை சொன்னேன். தேத்தண்ணி போட்டது யார் என்பதையும் சொன்னேன். புதுப் பக்கம் திறந்து என் பேரில் போட்டேன். கோப்பையில் தேத்தண்ணி ஆற, போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கால் மணித்தியாலத்தில் முதலாவது ஆள் எழுதினார்.

"இது ஜதுர்சன் அண்ணாவின் வரிசை. அப்படியே கொப்பி அடிச்சிருக்கிறா. சொந்தமாக யோசிக்கத் தெரியாதா?"

அதற்கு நாலு பேர் விருப்பம் போட்டிருந்தார்கள். யாரென்று தொட்டுப் பார்த்தேன். மூன்று பேரை எனக்குத் தெரியாது. நாலாவது ஜதுர்சன்.