ஓரகத்திகளும் ஒரு புள்ளியும்

1.

இந்தக் கதையை நானாக யோசித்து எடுக்கவில்லை. பெர்னடெட் எழுதச் சொன்னாள், எழுதுகிறேன். எதிர்வீட்டு வாசலில் இலை கூட்டிக்கொண்டிருந்தவள், நான் காரைத் திறக்கும்போது விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு கூப்பிட்டாள்.

"வேலு, உன் பாஷையில கதை எழுதுவியாமே. எங்க கதைய எழுது. பிட்ஸ்பர்க் ஜெயிக்கிற மாதிரி முடி."

அடுத்த வாசலிலிருந்து லொரைனின் குரல் வந்தது. "நடந்தத எழுதச் சொல்லு. அது நீ சொல்றதுக்கு நேர் எதிரா இருக்கும்."

இருவருக்கும் தமிழ் தெரியாது. நான் எதை எழுதினாலும் அவர்கள் படிக்கப்போவதில்லை. அந்தச் சுதந்திரம்தான் மூன்று மாதம் என்னை ஒரு வரிகூட எழுதவிடாமல் செய்தது. படித்துவிட்டுச் சண்டைக்கு வர முடியாதவர்களைப் பற்றிப் பொய் எழுதக் கூசுகிறது.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கிளீவ்லாந்துக்கும் பிட்ஸ்பர்க்குக்கும் இடையே காரில் இரண்டரை மணி நேரம், அதன் நடுவழியில், உருக்காலைப் புகை படிந்த ஓர் ஊரில்—"

அடித்துவிட்டேன். இது பேருந்து அட்டவணை.

அடுத்து: "1950-இல் முதன்முதலாக மோதிக்கொண்ட இவ்விரு அணிகளும்—"

இதையும் அடித்தேன். இது விழா மலர்.

மூன்றாவது: "லொரைனும் பெர்னடெட்டும் ஓரகத்திகள்."

இது நிற்கிறது. (அவர்கள் மொழியில் நாத்தனார், கொழுந்தியாள், ஓரகத்தி எல்லோருக்கும் ஒரே சொல். தமிழில் சொன்னால் பாதிச் சண்டை வாசகருக்கு உடனே விளங்கிவிடுகிறது.)

மூத்தவர் எமில் ஹ்ருஸ்கா கிளீவ்லாந்தில் பெண் எடுத்தார்; அவள் லொரைன். எட்டு வருடம் கழித்து இளையவர் ரூடி பிட்ஸ்பர்க்கில் எடுத்தார், அவள் பெர்னடெட். அடுத்தடுத்த வீடு. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே உருக்காலையில் வேலை. இருவருக்கும் மீன் பிடிப்பதில் பைத்தியம். பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்து என்றால் கொட்டாவி. இந்த வீடுகளுக்குச் சீதனமாக வந்தது பகை ஒன்றுதான், அதைக் கொண்டுவந்தவர்கள் பெண்கள்.

3.

இரண்டு அணிகளும் வருடத்துக்கு இரண்டு முறை மோதும்: ஒன்று கிளீவ்லாந்தில், ஒன்று பிட்ஸ்பர்க்கில். தோற்ற ஊர்க்காரி ஜெயித்த ஊரின் கொடியைத் தன் வாசலில் ஒரு வாரம் தொங்கவிட வேண்டும். மறுநாள் காலை ஜெயித்தவளே கொடியைக் கொண்டுபோய்க் கொடுப்பாள். எழுதப்படாத இந்த ஒப்பந்தத்தை யார் முதலில் சொன்னது என்பதில் இன்றுவரை தகராறு.

ஆரம்ப வருடங்களில் கிளீவ்லாந்து பிட்ஸ்பர்க்கைத் துவைத்து எடுத்தது. பெர்னடெட் வாழவந்த மறுவருடம் காற்று திசை மாறியது. பிட்ஸ்பர்க்கில் ஒரு புதிய மைதானம் திறந்தார்கள். அந்த மைதானத்தில் கிளீவ்லாந்து தொடர்ந்து பதினாறு வருடம், போன ஒவ்வொரு முறையும் தோற்றது.

"அக்கா, கொடி வெளுத்துப்போச்சு. புதுசு தெச்சுத் தரட்டுமா? உங்க வாசல்லதான் அதிகமா வெயில் படுது."

"தெச்சு வெச்சுக்க. உன்ன அதுலதான் சுத்தி அனுப்பப்போறேன்."

எழுபத்தேழில் உருக்காலை மூடப்பட்டது. ஒரு திங்கட்கிழமை காலை, அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே நாளில் வேலை போயிற்று. அடுத்த இரண்டாவது வாரம் கிளீவ்லாந்து சொந்த மைதானத்திலேயே பிட்ஸ்பர்க்கிடம் தோற்றது. ஊரே துக்கவீடு. பெர்னடெட் கொடியோடு வந்து நின்றாள்.

அதைப் பற்றி லொரைன் என்னிடம் சொன்னது இது: "அந்த வாரம் தெருவுல எல்லாரும் என்னப் பாத்து உச்சுக்கொட்டினாங்க. இவ ஒருத்திதான் சிரிச்சா. அவ கொடியக் கொண்டுவராம இருந்திருந்தா நான் உடைஞ்சிருப்பேன் வேலு."

நான் இந்தத் தெருவுக்கு வந்து இரண்டாவது வருடம், எண்பத்தாறு அக்டோபரில், கிளீவ்லாந்து அந்த மைதானத்தில் ஜெயித்தது, சாபம் நீங்கியது. லொரைன் இரட்டைக் கட்டில் விரிப்பு அளவுக்கு ஒரு கொடி தைத்தாள். கிளீவ்லாந்தின் ஆரஞ்சு நிறத் துணிக்குப் பின்னால் பெர்னடெட்டின் வாசல் மறைந்தே போனது. தபால்காரர் ஒரு வாரம் கொல்லைப்பக்கம் வழியாகப் போய்க் கடிதம் கொடுத்தார்.*

* தபால்காரர் விஷயம் பெர்னடெட் சொன்னது. லொரைன் மறுக்கிறாள். எனக்குப் பிடித்திருப்பதால் வைத்துக்கொண்டேன்.

4.

இனி எழுத விரும்பாத பகுதி.

தொண்ணூற்றைந்து நவம்பரில், கிளீவ்லாந்து அணி ஊரை விட்டுப் போகிறது என்று அறிவித்தார்கள். அடுத்த வருடத்திலிருந்து அது பால்டிமோர் நகரத்தின் அணி. தோற்பது பழக்கம், ஆனால் அணியே இல்லாமல் போவது என்றால் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. லொரைன் கடைக்குப் போவதை நிறுத்தினாள்.

அதற்கு அடுத்த வாரமே பிட்ஸ்பர்க்கில் ஆட்டம். பிட்ஸ்பர்க் ரசிகர்கள் பலர் கையில் ஆரஞ்சுப் பட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள், எதிரி ஊரின் துக்கத்துக்காக. பெர்னடெட்டும் கட்டியிருந்தாள். மறுநாள் காலை, வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்க நான் லொரைன் வீட்டுக்குப் போயிருந்தபோது பெர்னடெட் அந்தப் பட்டையோடு வந்தாள்.

"கையில என்ன?" என்றாள் லொரைன்.

"உங்களுக்காகத்தான் அக்கா. நெறையப் பேரு கட்டியிருந்தோம்."

"எத்தனைக்கு ஜெயிச்சீங்க?"

"அது இப்ப எதுக்கு?"

"எத்தனைக்கு?"

"இருவதுக்கு மூணு."

"கொடி எங்க?"

பெர்னடெட் பட்டை கட்டிய கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"ஆலை மூடினப்பவே கொண்டுவந்தவ நீ. இப்ப கையில துணியக் கட்டிக்கிட்டு வர்ற. நாங்க செத்தாச்சுன்னு நீயே முடிவு பண்ணிட்டியா?"

கதவைச் சாத்தவில்லை. அதுதான் மோசம். திறந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பெர்னடெட் பட்டையை அவிழ்க்க முயன்றாள். ஒரு கையால் முடிச்சு அவிழவில்லை. நான் அவிழ்த்துவிட்டேன்.

5.

[பெர்னடெட்டை நான் நம்புகிறேனா? இரக்கத்தால் கட்டினாளா, இனி ஜெயிக்க ஆள் இல்லாமல் போகிறதே என்ற பயத்தால் கட்டினாளா? ஒரு வரைவில் அவளை நல்லவளாக எழுதினேன், உயிரில்லை. இன்னொன்றில் தன்னலக்காரியாக எழுதினேன், பொய். நேராகவே கேட்டுவிட்டேன். "ரெண்டுந்தான்," என்றாள். "நான் இனிமே யாரத் திட்டுறது? ரூடியத் திட்டினா அவன் தூங்கிடுறான்."]

6.

ஐந்து வாரம் பேச்சில்லை. டிசம்பர் பதினேழு, கிளீவ்லாந்தில் கடைசி ஆட்டம், வேறோர் ஊர் அணியோடு. லொரைனின் அப்பா காலத்திலிருந்து அவர்கள் பேரில் இரண்டு இருக்கைகள் இருந்தன. எமில் வரமாட்டேன் என்றுவிட்டார். லொரைன் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது பெர்னடெட்டின் கார் உறுமிக்கொண்டு நின்றது.

"நீ எதுக்கு?"

"பனியில நீங்க ஓட்டமாட்டீங்க."

வழி முழுவதும் வானொலிகூட இல்லை. பெர்னடெட் வழக்கமான கறுப்பு மஞ்சள் எதையும் போட்டுக்கொள்ளவில்லை. சாம்பல் நிறத் தொப்பி. அவளுடைய கோட்டுக்குள் ரூடியின் இரும்பறுக்கும் ரம்பம் இருந்தது.

கிளீவ்லாந்து அந்த ஆட்டத்தில் ஜெயித்தது. யாரும் கொண்டாடவில்லை. ஜனங்கள் இருக்கைகளைப் பெயர்க்கத் தொடங்கினார்கள். நாலாபுறமும் மரம் பிளக்கும் சத்தம். பெர்னடெட் ரம்பத்தை எடுத்து லொரைனின் இருக்கைக் காலில் வைத்தாள்.

"என்ன பண்ற?"

"உங்க சீட்டு. வீட்டுக்குக் கொண்டுபோயிரலாம்."

லொரைன் கையுறையால் பலகையில் இருந்த பனியைத் துடைத்தாள். ஒரு முறை, பிறகு இன்னொரு முறை.

"வேணாம் பெர்னி. வீட்டுக்குக் கொண்டுபோனா அது வெறும் பலக. இருக்கிற வரைக்கும் இங்கயே இருக்கட்டும்."

பக்கத்தில் இருந்தவன் ரம்பத்தை இரவல் கேட்டான். கொடுத்தாள். அவன் கூட்டத்தில் கலந்துபோனான். ரூடி அடுத்த வசந்தம் வரை அந்த ரம்பத்தைத் தேடினார்.

கதையை இங்கேயே முடிக்கலாம். துக்கமாக, அழகாக, இரண்டு பெண்கள் பனியில் நடந்து—

முடியாது. அன்று அவர்கள் சமாதானம் ஆகவில்லை. சேர்ந்து போனார்கள், சேர்ந்து வந்தார்கள். அவ்வளவுதான். அதன்பின் மூன்று வருடம் ஞாயிற்றுக்கிழமைகள் வெறுமையாகப் போயின. பெர்னடெட் கொதிப்பே இல்லாமல் ஆட்டம் பார்த்தாள். லொரைன் தோட்டத்தில் இல்லாத களையைப் பிடுங்கினாள்.

7.

தொண்ணூற்றொன்பதில் கிளீவ்லாந்துக்குப் புதிய அணி வந்தது. அதே பெயர், அதே ஆரஞ்சு. முதல் ஆட்டமே பிட்ஸ்பர்க்கோடு.

"பேருதான் அது. ஆளுங்க யாருன்னே தெரியல," என்று சொல்லிவிட்டு லொரைன் ஒரு நிமிடம் விடாமல் பார்த்தாள். நாற்பத்து மூன்றுக்குப் பூஜ்யம். கிளீவ்லாந்து ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை.

அன்று பெர்னடெட் தூங்கவில்லை என்று ரூடி சொன்னார். போவதா, சும்மா இருப்பதா? காலை ஏழு மணிக்குக் கொடியோடு லொரைன் வீட்டுக் கதவைத் தட்டினாள். நான் எதிர்வாசலில் நின்று பார்த்தேன்.

கதவு திறந்தது.

"நாப்பத்து மூணு, அக்கா."

லொரைன் கொடியைப் பார்த்தாள். பிறகு, எங்கள் தெரு அதுவரை கேட்டிராத வார்த்தைகளில் பெர்னடெட்டின் ஊரையும் அதன் மூன்று ஆறுகளையும் அவள் வம்சத்தையும் திட்டினாள். நாய்கள் குரைத்தன. திட்டி முடித்துவிட்டு, "காப்பி இருக்கு, உள்ள வா," என்றாள்.

8.

முடிவுக்கு வந்துவிட்டேன், எனக்கு முடிவு தெரியாது.

ஒன்பது வாரம் கழித்து, நவம்பர் மதியம், பிட்ஸ்பர்க்கில் இரண்டாவது ஆட்டம். மூவரும் லொரைன் வீட்டில் பார்த்தோம். அண்ணனும் தம்பியும் ஏரிக்குப் போயிருந்தார்கள். நேரம் முடியும் கணத்தில் கிளீவ்லாந்துக்காரன் பந்தை உதைத்தான், கம்பங்களுக்கு நடுவே போனது. அதற்கு மூன்று புள்ளி. பதினாறுக்குப் பதினைந்து. ஒரே ஒரு புள்ளி. புது அணி பிட்ஸ்பர்க்கை அதன் மைதானத்திலேயே சாய்த்துவிட்டது.

லொரைன் மெதுவாகப் பெர்னடெட்டின் பக்கம் திரும்பினாள். வாயைத் திறந்தாள்.

அந்தக் கணத்தில் அடுப்பில் சூப்பு பொங்கியது. நான் ஓடினேன். எழுதுகிறவன் இருக்கக் கூடாத இடத்தில், கையில் கரண்டியோடு இருந்தேன்.

பெர்னடெட்டின் கணக்கு: பத்து நிமிடம் கேவலமாகத் திட்டினாள். (பொய். நான் ஒரு நிமிடத்தில் அடுப்பை அணைத்துவிட்டேன்.) லொரைனின் கணக்கு: ஒன்றுமே சொல்லவில்லை. (அதுவும் பொய். குரல் கேட்டது, சொற்கள் பிடிபடவில்லை.) நானாக ஏழு வசனங்கள் எழுதிப்பார்த்தேன். எல்லாம் நன்றாக இருந்தன. எதுவும் அவளுடையதாக இல்லை. எனவே இடத்தை விட்டிருக்கிறேன். இவ்வளவு தூரம் அவர்களோடு வந்த நீங்கள் எழுதுங்கள்.

லொரைன் சொன்னாள்: "                                        "

அதற்குப் பெர்னடெட் சொன்ன பதில் மட்டும், சமையலறை வாசலுக்கு நான் வந்தபோது, தெளிவாகக் காதில் விழுந்தது:

"அதான் அடுத்த வருஷம்னு ஒண்ணு இருக்குல்ல, அக்கா."