போனை வைத்த பிறகு

தன் வீட்டுப் பேச்சைத் தானே டைப் பண்ணித் தருவதாக மாரிச்செல்வம்தான் முந்திக்கொண்டு சொன்னான். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளோடு கிராமத்துக் குடும்பங்கள் எதைப் பேசுகின்றன, எதைப் பேசாமல் விடுகின்றன என்று மதுரையில் ஆராய்ச்சி செய்தாள் சத்யபிரியா. நரிக்குடிப் பக்கம் சில வீடுகளில் சம்மதம் வாங்கி ரெக்கார்டர் வைத்திருந்தாள். அதில் அவன் வீடும் ஒன்று. ஓசூரில் பார்சல் குடோனில் ராத்திரி ஷிப்ட் பார்க்கும் அவனுக்கு, வீட்டு நாற்றத்தை வேற்றாள் காதில் விட மனசில்லை.

"சொன்னதெல்லாம் அப்படியே வரணும். வெளிய யாருக்கும் போகக் கூடாது," என்றாள் அவள். சரி என்றான்.

பேசுவதை எழுத்தாக்கும் வசதி அவன் போனில் இருந்தது. ஆனால் ரெக்கார்டரில் பதிந்த நரிக்குடிப் பேச்சைப் போட்டுக் காட்டினால் அதற்குப் பிடிபடாது. ஹெட்செட்டில் கேட்டதை அவன் நிறுத்தி நிறுத்தித் தன் வாயால் சொல்ல வேண்டும். அப்போதுதான் எழுத்தாகும்.

பதிவில் முதலில் வந்தது, வீட்டுப் போனின் ஸ்பீக்கரில் கேட்ட அவன் குரலே.

"கனி காலேஜுக்குப் போறாளாப்பா?"

"ம்," என்றார் அப்பா உக்கிரபாண்டி.

"அடுத்த வாரம் பரீட்சைல்ல? படிக்காளா?"

"ம்."

அந்த இரண்டு 'ம்'மையும் நம்பித்தான் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியிருந்தான். அப்பா போனை வைத்துவிட்டார். ரெக்கார்டரை நிறுத்த யாருக்கும் நினைப்பில்லை. ஆடு கத்தியது. அப்புறம் தங்கச்சி மாரிக்கனியின் குரல்.

"போன எங்கிட்டக் குடுத்தா என்னவாம்? காலேஜ நிப்பாட்டி ஆடு பத்த விட்டுட்டாகன்னு நானே அண்ணன்ட்டச் சொல்றேன்."

"வாயத் தொறந்த, பல்லு கையில வந்துரும். அவென் கெடக்கான். மாசம் பொறந்தா அனுப்புறான்ல, அதுக்கு ஒரு ம். அம்புட்டுத்தேன் அவனுக்கு."

அம்மா தங்கமாரி அடங்கின குரலில் சொன்னாள்: "மெதுவாப் பேசுங்க. படிச்ச பிள்ள ஆகாதுன்னுட்டாக எங்கண்ணன் வீட்ல. பரிசம் போட்டுட்டு இவன்ட்டச் சொல்லிக்கிறலாம்."

"ஒங்கண்ணன் தவசி பெரிய இவன். பந்தல்குடில பஞ்சர் ஒட்டுற பயலுக்குக் கொழுப்பப் பாரு. ரோட்டு மேல எடம் வச்சிருக்கான், அதுக்காகத்தேன் அந்தப் பிசுநாறி மகனுக்குப் பொண்ணக் குடுக்கேன்."

மாரிச்செல்வம் போனை வாய்ப்பக்கம் கொண்டுபோனான். "அவென் கெடக்கான்," என்றான். எழுத்து வந்தது. "அதுக்கு ஒரு ம்," என்றான். அதுவும் வந்தது.

பாயில் கிடந்த அறைக்கூட்டாளி செல்லப்பாண்டி தலையைத் தூக்கினான். "ஏலே, பகல்ல மனுசன் தூங்க வேணாமா? யார வையிற?"

"என்னையத்தான்."

"அப்பச் சத்தமாவே வையி. நானும் சேந்துக்கிறேன்."

அவன் வெளியே போய் அப்பாவுக்குப் போன் அடித்தான்.

"கனி காலேஜுக்குப் போறாளா?"

"ம்."

"வாயத் தொறந்தா பல்லு கையில வந்துருமோ?"

"எவென் சொன்னான்?"

"நீங்கதான் சொன்னீக, ரெக்கார்டர்ல. கேட்டு என் வாயாலயே போன்ல எழுதி வச்சிட்டேன். பஞ்சர் ஒட்டுற பய, பிசுநாறி, எல்லாந்தான். நாளைக்கு அவ பஸ்ஸு ஏறலைன்னா இதெல்லாம் தவசி மாமா போனுக்குப் போயிரும்."

"பெத்தவன ஒட்டுக்கேக்கியா, நாயே? அனுப்புடா. நீ எழுதுனதுன்னு சொல்லிட்டுப் போறேன். ஒன் வாயி, ஒன் போனு. எவென் நம்புவான்?"

அது சரிதான். எழுத்தெல்லாம் இவன் வாயால் வந்தது. குரலைத்தான் அனுப்ப வேண்டும். சத்யபிரியாவுக்குக் கொடுத்த வார்த்தை நெஞ்சில் இடித்தது.

மறுநாள் காலையில் காலேஜ் பஸ் போகிற நேரம் கழித்து அம்மாவுக்கு அடித்தான். கனி போய்விட்டாளா என்று கேட்டான்.

"ம்," என்றாள் அம்மா. பின்னால் கனி ஆட்டை அதட்டுகிற சத்தம் கேட்டது.

ரெக்கார்டரில் அப்பா தவசியை வைத துண்டை மட்டும் வெட்டித் தவசிக்கே அனுப்பிவிட்டான்.

அன்றே சம்பந்தம் முறிந்தது. விஷயம் தெரிந்து சத்யபிரியா ஒரே ஒரு தடவை பேசினாள். "இனி எந்த வீட்டுல எனக்குக் கதவத் தொறப்பாங்க? உன்ன நம்பினேன் பாரு." அப்புறம் அவன் நம்பரையே தடுத்துவிட்டாள். அப்பா எடுக்கவே இல்லை.

இரண்டு நாள் கழித்துத் தெரியாத நம்பரிலிருந்து கனி கூப்பிட்டாள். பஸ் இரைச்சல்.

"காலேஜுக்குத்தேன் போறேன். கூடப் படிக்கிற பிள்ள போன்ல பேசுறேன்."

"அப்பா விட்டுட்டாரா?"

"இனி எவனும் கட்ட மாட்டான், போய்த் தொலைன்னாரு. மாமா வாசல்ல நின்னு என்னையத்தான் வஞ்சாரு, தெருவே கேக்க. படிச்ச சிறுக்கி ரெக்கார்டு போட்டு ஒனக்கு அனுப்பிட்டாளாம். அவரு போனப்புறம் அப்பா அடிச்சாரு. காது இன்னும் இரையுது."

"அது மதுரைக்காரங்க வச்ச ரெக்கார்டரு, நாந்தான் எடுத்து அனுப்புனேன்னு சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேன். யாரு கேட்டா?" அவள் குரல் இறுகியது. "ஒண்ணு கேக்கேன். எனக்காக அனுப்புனியா? இல்ல, ஒன்னயக் கெடக்கான்னு சொன்னாரே, அதுக்கா?"

ஓசூர் வெயிலில் நின்ற அவன் நிழல் பார்த்து ஒதுங்கினான்.

"பரீட்சைக்கு நல்லாப் படி," என்றான்.

"ம்," என்றாள் கனி.

அவள் கட் பண்ணவில்லை. இரைச்சல் வந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் யாரோ, "யாருடி அது?" என்று கேட்டார்கள். தன்னைப் பற்றி அவள் சொல்லப்போவது காதில் விழுமுன் மாரிச்செல்வம் அவசரமாகப் போனை வைத்தான்.