இறந்தகாலத்தில் அம்மா

நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், வெளிநாட்டுக்காரர்களுக்குச் சுற்றிக்காட்டும் வேலை கிருஷாந்திக்கு. அங்கே ஸ்பானிஷ் பேச ஒருவரும் இல்லை என்பதால் போனிலேயே பாடம் கேட்டுப் படித்துவந்தாள். பெயர், ஊர், விலை எல்லாம் தாண்டி அப்போதுதான் இறந்தகாலத்துக்கு வந்திருந்தாள். முன்பு வழக்கமாகச் செய்து, இப்போது விட்டுப்போனதைச் சொல்ல அதில் ஒரு தனி வடிவம் இருந்தது. 'த்ரபாஹா' என்றால் வேலை செய்கிறாள். கடைசியில் ஒரு 'பா' சேர்த்தால், முன்பெல்லாம் வேலை செய்தாள்.

அன்று வந்த பிலார், ஸ்பெயினில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தன் மொழியைக் கேட்டதும் கிருஷாந்தியின் கையைப் பிடித்துக்கொண்டார். மலையில் கொழுந்தெடுப்பவர்களைக் காட்டி, "உன் வீட்டிலும் யாராவது?" என்று கேட்டார்.

"என் அம்மா த்ரபாஹாபா," என்றாள் கிருஷாந்தி. அந்தப் 'பா'வைத் தெரிந்தேதான் சேர்த்தாள். அம்மாவுக்கு வேலை அந்தப் பக்கத்து மலையில், இங்கே எதிர்ப்பட மாட்டாள் என்ற தைரியம்.

அன்று பார்த்து ஆட்களை இந்த மலைக்கு மாற்றியிருந்தார்கள். கொழுந்து நிறுக்கும் இடத்தில், இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, முதுகில் பை நிறையக் கொழுந்தோடு நாகலெட்சுமி எதிரே வந்து நின்றாள்.

"நான் இவ அம்மாங்க," என்று பிலாரைக் கும்பிட்டாள்.

'அம்மா' என்ற சொல்லும் முகச்சாடையும் பிலாருக்குப் போதுமாக இருந்தன. கிருஷாந்தியின் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"பரவாயில்லை, எல்லாரும் இந்த இடத்தில் தடுமாறுவார்கள். இன்னும் வேலை செய்கிறார் அல்லவா? அப்படியென்றால் த்ரபாஹா. எங்கே, சொல்லு."

கிருஷாந்திக்குக் காதெல்லாம் சுட்டது. பொய்யைப் பிழை என்று நம்பித் திருத்துகிறாரே!

"த்ரபாஹா," என்றாள்.

"எம்புள்ள என்னமா பேசுது பாருங்க!" என்று பக்கத்தில் நின்றவர்களிடம் நாகலெட்சுமி பூரித்துப்போனாள்.

வேனுக்குப் போகும் வழியில் கிருஷாந்தியால் பொறுக்க முடியவில்லை. "அது பிழை இல்லை. பொய்," என்றாள் ஸ்பானிஷில். பிலாரின் சிரிப்பு நின்றது. வேனில் ஏறி உட்கார்ந்தார்.

சாயங்காலம் லயத்து வீட்டு வாசலில் கால் கழுவிக்கொண்டே நாகலெட்சுமி கேட்டாள்.

"அந்தம்மா என்னா கேட்டாங்க புள்ள?"

"நீங்க மலையில வேலை செய்றீங்களான்னு."

"நீ என்னா சொன்ன?"

"மொதல்ல... முன்ன செஞ்சாங்க, இப்ப இல்லன்னு சொன்னேம்மா."

நாகலெட்சுமி நிமிரவில்லை. மற்றக் காலையும் தேய்த்துக் கழுவினாள். எழுந்து உள்ளே போனவள், "தேத்தண்ணி ஊத்தவா?" என்று கேட்டாள்.