கொக்கு உதை
திண்டிவனத்தில் ஒரு அரிசி மில்லின் களத்தில் சீனுவாசன் ஞாயிறுதோறும் கராத்தே வகுப்பு நடத்தினான். எண்பத்தாறாம் வருஷம். வாசலில் ‘ஒகினாவா கோஜு-ரியூ’ என்று போர்டு. இடுப்பில் கறுப்பு பெல்ட். அதை அவனுக்கு யாரும் கட்டிவிடவில்லை. மெட்ராஸில் கோஜு-ரியூ என்ற அந்தக் கராத்தே முறை தெரிந்த ஒருவரிடம் எட்டு மாதம் போனான். பாதத்தைத் தரையில் ஊன்றி, உடம்பை இறுக்கி, மெல்ல மூச்சு விடுவதைத்தான் அவர் திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னார். சலித்துப்போய், புதிதாகச் சேர்கிறவர்கள் கட்டும் வெள்ளை பெல்ட்டோடு ஊர் திரும்பிவிட்டான்.

பிறகு வீடியோ கேசட்டில் ஒரு இங்கிலீஷ் படம் வந்தது. அதில் ஒகினாவா கராத்தே என்று, ஒற்றைக்காலில் கொக்கு மாதிரி நின்று துள்ளி உதைத்தார்கள். வகுப்புக்கு வந்தவர்கள் அதைத்தான் கேட்டார்கள். தான் பயின்ற கோஜுவில் அது இல்லை என்று தெரிந்தும் சொல்லிக்கொடுத்தான்.

லூர்துமேரி ஒரு கிளினிக்கில் நர்ஸ். ஒரு வாரமும் வகுப்புக்குத் தவறாதவள். அந்த ஞாயிறு வலது கையில் மாவுக்கட்டோடு, மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்தாள். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் பட்டப்பகலில் ஒருவன் அவள் செயினைப் பிடித்து இழுத்திருக்கிறான்.

“நாந்தான் சொதப்பிட்டேன் மாஸ்டர். நீங்க சொன்னாப்லதான் ஒத்தக் கால்ல நின்னேன். அவன் லேசா ஒரு தள்ளு தள்ளிட்டு, செயினோட போய்க்கினே இருந்தான். எங்க தப்புன்னு பாருங்க.”

கட்டுப்போட்ட கையோடு ஒற்றைக்காலில் நின்று காட்டினாள். சீனுவாசனால் பார்க்க முடியவில்லை.

“கால கீழ விடும்மா. உம்மேல தப்பு இல்ல. அது சினிமா உதை. கேசட்டுல பாத்துதான் நானே கத்துக்கினேன்.”

“பெல்ட்டு?”

“பாண்டிச்சேரில கடைல வாங்கினது.”

அவள் திட்டியிருந்தால் தேவலை.

“கட்டுப் போடறப்ப எல்லாரும் சிரிச்சாங்க. எங்க மாஸ்டர ஒண்ணும் சொல்லாதீங்கன்னு சண்டை போட்டுக்கினு வந்தேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

சற்று நேரத்தில் பதினாறு பேர் வந்து வரிசையாகக் குனிந்து வணங்கினார்கள். அவர்களிடமும் சொன்னான். யாரோ சிரித்தார்கள். மறு ஞாயிறு களத்துக்கு ஒருவரும் வரவில்லை.

வியாழக்கிழமை, மன்னிப்புக் கேட்க அவள் வேலைபார்க்கும் கிளினிக்குக்குப் போனான். நோயாளிகளோடு பெஞ்சில் உட்கார்ந்து, என்ன சொல்வதென்று மனசுக்குள் பலதடவை சொல்லிப் பார்த்தான். அவன் முறை வந்தது.

“உடம்புக்கு என்ன சார்?” என்றாள் லூர்துமேரி. மாஸ்டர் என்று கூப்பிடவில்லை.

“ஜுரம்” என்றான்.

அவள் தெர்மாமீட்டரை இடது கையால் உதறி அவன் நாக்குக்கு அடியில் வைத்தாள். வாய் பேச வழியில்லாமல், மாவுக்கட்டைப் பார்க்காமல் இருக்கச் சுவர்க் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தான்.