உப்பு தின்ற வண்டி

லாங் பஜாரில் கடைப் பலகைகளை எடுத்துக்கொண்டிருந்த நேரம். தோல் தரகர் சுப்பராயன் தன் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து கோதண்டபாணியின் பட்டறை முன்னால் நிறுத்தினார். வண்டிக்கு முன்னால் அதன் நாற்றம் வந்துவிட்டது. ஆலங்காயம் பக்கத்துக் கிராமங்களில் பச்சைத் தோலை வாங்கி, உப்புத் தடவி மடித்து, பெட்ரோல் டாங்கியின் மேலேயே குறுக்காகப் போட்டுக் கட்டி, ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு ஓட்டிப்போவது அவர் வழக்கம். மாட்டு வண்டியில் வரும் மற்ற தரகர்கள் ஊர் சேர்வதற்குள் அவர் விலை பேசி முடித்திருப்பார்.

“மைல் மீட்டர் நின்னு போச்சு மேஸ்திரி. இன்னான்னு பாரு.”

“இத்தினி வருசமா இல்லாத அக்கற இப்ப எதுக்குண்ணே?”

“விக்கப் போறேன். வாங்கறவன் மொதல்ல அதத்தான் பாப்பான்.”

கோதண்டபாணி மீட்டரைக் கழற்றிக் கண்ணாடியை எடுத்தான். எண் சக்கரங்களுக்கு நடுவே உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. முன்சக்கரத்திலிருந்து மீட்டருக்கு ஏறும் கம்பி, உறைக்குள்ளேயே துருப்பிடித்து ஒட்டிக் கிடந்தது. மீட்டருக்குள்ளேயே உப்பு போயிருக்கிறது என்றால் மற்ற இடத்தைக் கேட்பானேன். டாங்கிக்கு அடியில் கையை விட்டுத் தடவினான். ஹாண்டில் கழுத்திலிருந்து கீழே இறங்கும் குழாயில் பெயிண்ட் கொப்பளித்திருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் லேசாகக் குத்தினான். முனை உள்ளே இறங்கியது.

“அண்ணே, தோல்ல வடிஞ்ச உப்புத் தண்ணி பைப்பத் தின்னுட்டுது. கழுத்தாண்ட சத்தே இல்ல. இத விக்காத, பழைய இரும்புக்குப் போடு.”

“உன்ன இன்னா கேட்டேன்? மீட்டரக் கேட்டேன். ஓட வை. நம்பரக் கம்மி பண்ணு. பைப்புல எதனா பூசி உடு.” சுப்பராயன் குரலைத் தணித்தார். “ஆம்பூர் ஷாப்புல புது லாரி எறக்கியிருக்காங்க. ரிப்பேர் வேலைய யாருக்குக் குடுக்கலாம்னு என்னத்தான் கேக்கறாங்க.”

கோதண்டபாணி கெட்டவன் அல்ல. நல்லவன் என்று சொல்லவும் அன்றைக்கு அவன் இடம் வைக்கவில்லை. சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டியே வயதாகிக்கொண்டிருந்தவனுக்கு லாரி என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

மீட்டரை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துலக்கினான். புதுக் கம்பி மாட்டினான். எண் சக்கரங்களை ஊசியால் ஒவ்வொன்றாகப் பின்னுக்குத் தள்ளினான். பிறகு அரக்கை உருக்கி, கரித்தூளைக் குழைத்து, குழாயின் பள்ளங்களில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினான். மேலே கறுப்புப் பெயிண்ட். வேலை சுத்தமாக இருந்தது.

பக்கத்துக் கடையில் லாந்தருக்கு ஈயம் பற்றவைக்கும் வாஹித் பாஷா எட்டிப் பார்த்தார்.

“இன்னா பாணி, செத்துப்போன மய்யத்துக்கு அத்தர் பூசறியா?”

“உன் வேலையப் பாரு பாய்.”

வண்டியை வாங்க வந்தவர் அந்தோணி. பேரணாம்பட்டில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டர். மலையோரக் கிராமங்களுக்கு மருந்து கொண்டுபோக அவருக்கு வண்டி தேவைப்பட்டது. மனைவி சௌந்தரமும் கூட வந்திருந்தாள். அந்தோணி நேராகக் குனிந்து மீட்டரைப் பார்த்தார். கண்ணாடிக்குள் இருக்கும் எண்ணை நம்பியே பிழைப்பு நடத்துகிறவர். காய்ச்சல் மானி அவரிடம் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை.

“கம்மியாத்தான் ஓடியிருக்கு” என்றார் திருப்தியாக.

சௌந்தரத்துக்கு அது போதவில்லை. கோதண்டபாணியிடம் கேட்டாள். “மேஸ்திரி, இவரு காடு மேடெல்லாம் போறவரு. நம்பிப் போலாங்களா?”

சுப்பராயன் டாங்கியைத் தடவிக்கொண்டு நின்றார்.

“மீட்டரே சொல்லுதேம்மா” என்றான் கோதண்டபாணி.

மழைக்காலத்தில் பேரணாம்பட்டுப் பக்கம் காலரா வந்தது. மருந்துப் பெட்டியோடு போன அந்தோணி, ஒரு சரிவில் வண்டி கழுத்தோடு முறிந்து பாறையில் விழுந்து அங்கேயே செத்தார்.

அடக்கம் முடிந்த சில நாளில் முறிந்த வண்டியை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு சௌந்தரம் பட்டறைக்கு வந்தாள். வாசலில் ஆம்பூர் லாரி ஜாக்கி மேல் நின்றது. கோதண்டபாணி அதன் அடியிலிருந்து எழுந்து வந்தான்.

“இவரு வேகமாப் போய் உழுந்தாருன்னு போலீஸ்ல எழுதிட்டாங்க. மாதா கோயில்லயும் அதான் பேச்சு. கண்ணு மண்ணு தெரியாம ஓட்டிச் செத்தானாம். அவரு அப்டி ஓட்டற ஆளில்ல மேஸ்திரி. வண்டியப் பாத்துச் சொல்லுங்க. எம் புள்ளைங்க காதுல அந்தப் பேச்சு உழக் கூடாது.”

அவன் குனிந்தான். முறிந்த குழாயின் வாய் காகிதம்போல் மெலிந்திருந்தது. உள்ளே துரு. விளிம்பில் கறுப்பு அரக்கு, அதில் அவன் கட்டைவிரல் தடம். கை பட்டு முன்சக்கரம் சுழன்றது. மீட்டரில் கடைசி எண் லேசாக நகர்ந்தது. அந்த வண்டியில் உடையாமல் இருந்தது அது ஒன்றுதான்.

‘வேகந்தாம்மா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் செத்தவரோடு போயிருக்கும். அந்த வார்த்தை அவன் வாய்வரை வந்தது.

“வேகம் இல்லம்மா” என்றான். “பைப்பு முன்னயே மக்கிப் போச்சு. எனக்குத் தெரியும். நாந்தான் பூசினேன். மீட்டரத் திருப்பனதும் நாந்தான்.”

சௌந்தரம் கத்தவில்லை. “அன்னிக்கு உங்களத்தான கேட்டேன்?”

“ஆமாம்மா.”

“உங்களத்தான கேட்டேன்” என்றாள் மறுபடியும்.

அவன் முறிந்த குழாயை அறுத்தெடுத்துத் துணியில் சுற்றினான். லாரியை அப்படியே விட்டுவிட்டுத் தெருவில் இறங்கினான்.

“எங்க போற?” என்று வாஹித் பாஷா குறுக்கே வந்தார்.

“ஸ்டேஷனுக்கு. கம்பவுண்டர் மேல தப்பில்லன்னு எழுதிக் குடுக்க.”

“பைத்தியமா? தரகன் நழுவிடுவான். போலீஸ்காரன் உன்னத்தான் உள்ள தள்ளுவான்.”

“தள்ளட்டும் பாய்.”

சௌந்தரம் பின்னாலிருந்து பேசினாள். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாருக்கும் கேட்டது.

“விக்கறவன் பொய் சொல்லுவான்னு எங்களுக்கும் தெரியும். அதனாலதான் தொழில் தெரிஞ்சவங்கள வந்து கேக்கறோம். பழுது தெரிஞ்சவனே அத மூடி வச்சா, வாங்கறவன் உசுருக்கு அவந்தான் பொறுப்பு. ஸ்டேஷன்ல மட்டும் இல்ல மேஸ்திரி, இந்த பஜார்ல நின்னும் சொல்லுங்க. நாளைக்கு எவனாவது மீட்டரப் பாத்து வாங்க வருவான். அவனுக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருக்கும்.”

கோதண்டபாணி நின்றான். துணியைப் பிரித்தான். குழாயை எல்லாரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தான்.