செபாராவ் இழுத்த காலை

தாப்பா ஊரில் பள்ளி வேன் ஓட்டும் விமலாவுக்கு ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போது மட்டும்தான் பொறுமை. இறங்கிவிட்டால் எந்த வேலையையும் அடித்துப் பிடித்துத்தான் செய்வாள். அப்படிப்பட்டவளுக்குத்தான் பொய்ப்பூச்சி கட்டி மீன் பிடிக்கும் ஈத்தூண்டில் பைத்தியம் பிடித்தது.

பிடிக்க வைத்தவன் ஹைகல். வேன் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் அவன் குடும்பத்தின் நாசி கண்டார் சோற்றுக் கடை. மத்தியானக் கூட்டம் ஓய்ந்ததும் கடைக்குப் பின்னால் உள்ள திடலில், நீளமான மெல்லிய கோலில் மஞ்சள் கயிறு கட்டி வீசிப் பழகுவான். கயிறு பின்னால் போய் நீளும், தலைக்கு மேலே வளைந்து முன்னால் பாயும், சத்தமில்லாமல் புல்லில் படுக்கும். புழுவும் இல்லை, ஈயக்குண்டும் இல்லை. நுனியில் இறகும் நூலும் சுற்றிய பொய்ப்பூச்சி மட்டும்தான்.

“பூச்சிக்குக் கனமே கெடயாதுக்கா. கயித்தோட கனந்தான் அதக் கொண்டு போவுது,” என்றான்.

விமலாவுக்குக் கை பரபரத்தது. “குடு தம்பி, நானும் ஒருவாட்டி பாக்குறேன்.”

அவள் வீசிய வேகத்தில் கயிறு மொத்தமும் அவள் தலைமேலேயே வந்து விழுந்தது. காதில் சிக்கியது, கொண்டையில் சுற்றியது.

“பாராங் கத்திய வச்சுப் புதர் வெட்டுற மாதிரி வீசுறீங்க லா!” ஹைகல் சிரித்துக்கொண்டே சிக்கெடுத்தான்.

மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். ஹைகல் பூச்சிக் கொக்கியை எடுத்துவிட்டுச் சிவப்பு உல்லன் நூலைக் கட்டிக் கொடுத்தான். அப்படியும் கயிறு சுருண்டு சுருண்டுதான் விழுந்தது.

“அக்கா, வேன ரிவர்ஸ் எடுக்குறப்ப பின்னால பாக்காம எடுப்பீங்களா?”

“அதெப்படி எடுப்பேன்?”

“அப்ப இங்கயும் திரும்பிப் பாருங்க. கயிறு பின்னால முழுசா நீண்டப்புறம் முன்னால வீசுங்க. மணிக்கட்ட மடக்காதீங்க.”

விமலா திரும்பிப் பார்த்தாள். மஞ்சள் கயிறு காற்றில் சுருள் பிரிந்து, நேராகி, ஒரு நொடி அப்படியே நின்றது. அந்த நொடியில் முன்னால் தள்ளினாள். கோல் வளைந்து உயிருள்ளது போல் கையை இழுத்தது. சிவப்பு நூல் பறந்துபோய்த் திடலோரக் கால்பந்துக் கம்பத்தடியில் இறங்கியது.

“போயிருச்சு! பாத்தியா, போயிருச்சு!” அவள் குதித்த குதியில் கடையில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவன் என்னவோ ஏதோவென்று வெளியே ஓடி வந்தான்.

வீட்டில் கணவன் சதாசிவம் நம்பவில்லை. புழு மாட்டியே மீன் பிடித்துப் பழகியவன். “மீனுக்கு என்ன கிறுக்கா, எறகையும் நூலையும் திங்க?” என்றான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், ஹைகலோடு ஆற்றுக்குக் கிளம்பிய வேனில் புழு டப்பாவோடு முதல் ஆளாக ஏறி உட்கார்ந்துவிட்டான்.

சுங்காய் பக்கம், ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் நின்ற கித்தாக் காடாக இருந்த செம்பனைத் தோட்டத்தைத் தாண்டி ஆறு ஓடியது. முழங்கால் ஆழத் தண்ணீரில் மூவரும் இறங்கினார்கள். விமலா திரும்பிப் பார்த்தாள். பின்னால் மூங்கில் புதர்! முதல் வீச்சு மூங்கிலில் மாட்டியது. எடுத்துவிட்டு மறுபடி வீசினாள், மறுபடியும் மாட்டியது. சதாசிவம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

“பின்னால எடமில்லன்னா பின்னால போவவே வேணாம்,” என்றான் ஹைகல். கோலை மெதுவாகத் தூக்கிக் கயிற்றைத் தோளோரம் தொங்கவிட்டான். பிறகு முன்னால் ஒரே வெட்டு. கயிறு சக்கரம்போல் தண்ணீர்மேல் உருண்டு போய் நீண்டது.

விமலா அவசரப்படாமல் தூக்கினாள், நிறுத்தினாள், வெட்டினாள். கயிறு உருண்டது! பூச்சி எதிர்க்கரைப் பாறை நிழலில் விழுந்தது. இடது கையால் கயிற்றைச் சிறிது சிறிதாக இழுத்தாள்.

பளார் என்று தண்ணீர் வெடித்தது. கோல் வில்லாய் வளைந்தது. விரலிடுக்கில் கயிறு சுடச்சுட ஓடியது.

“செபாராவ் மீனு!” என்று கத்தினான் ஹைகல்.

“தூக்கு! தூக்குடி!” சதாசிவம் புழு டப்பாவைப் போட்டுவிட்டுத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

“நீங்க சும்மா இருங்க லா! அது ஓடட்டும்!” என்று கணவனை அதட்டினாள் விமலா.

மீன் ஓடினால் கயிற்றை விட்டாள், நின்றால் இழுத்தாள். அது விழுந்து கிடந்த மரத்தடிக்குப் பாய்ந்தபோது, இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கோலைப் பக்கவாட்டில் சாய்த்துத் திருப்பினாள். கை நிதானமாக இருந்தது. கடைசியில் ஹைகலின் வலைக்குள் அது புரண்டது: முழங்கை நீளம், வெள்ளி உடம்பு, விலாவில் ஒரு கறுப்புப் பட்டை, சிவந்த வால்.

“குழம்புக்கு...” என்று சதாசிவம் ஆரம்பிப்பதற்குள் விமலா கொக்கியைக் கழற்றி, மீனைத் தண்ணீருக்குள் பிடித்து, மூச்சு வாங்கவிட்டு, கையை விரித்தாள். ஒரே துள்ளு. காணோம்.

“அடியே, வுட்டுட்டியா?”

“பாறைக்கு அந்தாண்ட இன்னொண்ணு மேல வந்துச்சு, பாக்கலயா? தள்ளி நில்லுங்க, கயிறு மூஞ்சில பட்டுரும்.”

சதாசிவம் தள்ளி நின்றான். விமலா கோலை மெதுவாகத் தூக்கினாள்.