மூலையில் வர வேண்டிய பெட்டி

மதியம் ஒரு மணிக்குள் அவள் மென்பொருளை அனுப்பியாக வேண்டும். வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதித்திருந்த கம்பெனி, இன்னொரு தடவை தாமதமானால் அலுவலகத்துக்கே வந்துவிடு என்று கறாராகச் சொல்லிவிட்டது. அவள் போய்விட்டால் அப்பாவை யார் பார்த்துக்கொள்வது? தம்பியும் வேலைக்குப் போகிறவன்.

எழுதியதையெல்லாம் கோத்து, ஓடுகிற மென்பொருளாக்கித் தர ஒரு கருவி உண்டு. அந்த வேலைக்குப் பில்ட் என்று பெயர். நாற்பது நிமிடம் பிடிக்கும். முடிந்தாலோ நடுவில் முறிந்தாலோ, திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி வந்து டிங் என்று சொல்லும். அதுவரை அவள் துணி உலர்த்துவாள், வேறெதையாவது எழுதுவாள்.

அதே பெட்டியில்தான் அப்பாவும் வருவார். பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்குக் குரல் எழும்பவில்லை. பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும்தான் கேட்கும். அதனால் ஒரு பொத்தானை வாங்கிக் கையில் கொடுத்து, அழுத்தினால் தன் திரையில் ‘அப்பா, பாத்ரூம்’ என்று வரும்படி அவளே செய்துவைத்தாள். அப்பாவுக்கு அதில் ஏகப் பெருமை. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அழுத்திக் காட்டுவார்.

இன்று காலை பத்தரைக்கு, என்னடா இன்னும் பெட்டி வரவில்லையே என்று திரையைப் பார்த்தால், பில்ட் ஐந்தாவது நிமிடமே முறிந்து கிடந்தது. அரை மணி நேரத்துக்கு மேல் பாழ். தவறைத் திருத்தினாள், கருவியை அடியோடு நீக்கிப் புதிதாகப் போட்டாள், மறுபடி ஓட்டினாள். அது ஓடுகிற நேரத்தில் பெட்டியோடு மல்லுக்கு நின்றாள். கருவியின் அமைப்புகளில் ‘அறிவிப்பு: ஆம்’ என்றுதான் இருந்தது. கையாலேயே ‘சோதனை’ என்று அனுப்பிப் பார்த்தாள், பதினான்கு தடவை. அனுப்பியாயிற்று என்றது கணினி. மூலை மூளியாகவே இருந்தது. இந்த மல்லுக்கட்டில் இரண்டாவது பில்டும் முறிந்ததை அவள் பார்த்தபோது மணி பதினொன்றரை தாண்டிவிட்டது.

மூன்றாவதை ஓட்டிவிட்டு நகத்தைக் கடித்துத் துப்பினாள். ஒரே ஆறுதல், அப்பா இன்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. மாத்திரை போட்டு அயர்ந்து தூங்குகிறார் போல, புண்ணியமாய்ப் போயிற்று என்று நினைத்துக்கொண்டாள். படிக்கிற உங்களுக்கு இந்நேரம் உறைத்திருக்கும். இத்தனை படித்தவளுக்கு உறைக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்குக் குழுத் தலைவர் போன் செய்தார். எந்தச் செய்தியையும் ‘அவசரம்’ என்றே தொடங்குகிறவர் என்பதால் அவருக்கு அவசரம் என்றே பட்டப்பெயர்.

“என்னம்மா, காலையிலேருந்து எத்தனை மெசேஜ் போட்டேன், ஒண்ணுக்கும் பதில் இல்லையே?”

“ஒண்ணுமே வரல சார். நோட்டிஃபிகேஷனே வரமாட்டேங்குது. என்னென்னவோ பண்ணிப் பாத்துட்டேன், பைத்தியம் பிடிக்குது சார்.”

“முன்னாடி வந்துச்சுல்ல? நேத்து டெமோவுக்கு எதையாவது மாத்துனியா?”

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. போன வாரம் வாடிக்கையாளர்களுக்குத் திரையைக் காட்டிக்கொண்டிருந்தபோது ‘அப்பா, பாத்ரூம்’ மூலையில் வந்து நின்றது. யாரோ சிரித்தார்கள். அவள் கூனிக்குறுகிப் போனாள். அதனால் நேற்று டெமோவுக்கு முன்பு, வருகிற எல்லா அறிவிப்பையும் ஒரே சொடுக்கில் நிறுத்திவைத்தாள். நேற்று தம்பி லீவு போட்டு அப்பாவோடு இருந்ததால் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. திறந்துவிட மறந்தே போனாள்.

“ஒரு நிமிஷம் சார்.” சொடுக்கினாள்.

அடைத்துவைத்ததெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தது. சோதனை. சோதனை. அவசரம். பில்ட் முறிந்தது. அப்பா, பாத்ரூம், 10.40. அப்பா, பாத்ரூம், 10.41. சோதனை. அவசரம். அப்பா, அப்பா, அப்பா. கடைசியாக வந்தது 11.31. அதற்குப் பிறகு அப்பா அழுத்தவே இல்லை. கடிகாரம் 12.05 காட்டியது.

“வந்துச்சா? வந்துச்சா?” என்று போனில் அவசரம் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் போனை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

கட்டிலுக்கும் பாத்ரூம் கதவுக்கும் நடுவே அப்பா தரையில் சரிந்து உட்கார்ந்திருந்தார். துணியெல்லாம் நனைந்திருந்தது. போர்வையை இழுத்து மடியை மூடிக்கொண்டிருந்தார். மகளைக் கண்டதும் தலை குனிந்துகொண்டார்.

“அப்பா! விழுந்துட்டீங்களா? எங்கயாவது வலிக்குதாப்பா?”

இல்லை என்று தலையசைத்தார். அவள் மண்டியிட்டு அவர் வாயருகே காதைக் கொண்டுபோனாள்.

“பெல்லு... கெட்டுப்போச்சு போலம்மா. ரொம்ப நேரம்... அழுத்தினேன்.”

நான்தான்ப்பா நிறுத்தினேன், யாரோ சிரிச்சாங்கன்னு நிறுத்தினேன் என்று சொல்ல நினைத்தாள்.

“ஆமாப்பா, கெட்டுப்போச்சு” என்றாள். தன் முகத்திலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

“பாரு” என்று, எப்படிக் கெட்டுப்போயிருக்கிறது என்று காட்டுவதற்காக, அப்பா பொத்தானை அழுத்தினார்.

அடுத்த அறையில் டிங் என்றது.

அப்பா பொத்தானைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

“தானாவே... சரியாயிடுச்சும்மா” என்றார்.